சூடே ஆகாம ஸ்லோவா ஓடுன லேப்டாப்: அக்கா வீட்டுல கோளாறு தேடுன கதை

மே 8, வெள்ளிக்கிழமை சாயங்காலம் கரூர்ல இருந்து அக்கா போன். "தம்பி, நேத்து மத்தியானத்துல இருந்து லேப்டாப் நகரவே மாட்டேங்குதுடா, டாலி தொறக்கவே பத்து நிமிஷம் ஆகுது, ஜிஎஸ்டி போர்ட்டல்ல ஒரு பக்கம் வர்றதுக்குள்ள செஷன் போயிடுது"ன்னு சொல்றா, குரல்ல அழுகை முட்டிட்டு நிக்குது. அக்கா வீட்டுல இருந்தே ஏழு சின்ன டெக்ஸ்டைல் யூனிட்டுக்கு டாலிங்கற கணக்கு சாஃப்ட்வேர்ல கணக்கு பாக்குறா. ஏப்ரல் மாச ஜிஎஸ்டிஆர்-1ங்கற விற்பனைக் கணக்கு ரிட்டர்ன போட கடைசி தேதி 11, அதாவது திங்கக்கிழமை. ஏழுல ரெண்டு தான் முடிச்சிருக்கா. பக்கத்துல ஒரு சர்வீஸ் ஆளு வந்து பாத்துட்டு, ஃபார்மட் போடணும், அதுலயும் சரியாகலன்னா மதர்போர்டு போயிருக்கும்னு சொல்லிட்டுப் போயிட்டாராம். மாமா போனை வாங்கி "மாப்ள, பேசாம புதுசு ஒண்ணு எடுத்துரலாமா"ன்னு கேட்டாரு. எதுவும் பண்ணாதீங்க, ஃபார்மட் மட்டும் போட விடாதீங்கன்னு சொல்லிட்டு கோயம்புத்தூர்ல இருந்து பஸ் ஏறிட்டேன்.

பஸ்ல வரும்போது மண்டைக்குள்ள ஓடுனது ஒண்ணு தான். அக்கா "நேத்து மத்தியானம்"னு சொன்னா. கொஞ்சம் கொஞ்சமா ஸ்லோ ஆனா அது வேற கதை, ராம் பத்தல, டிஸ்க் நிறைஞ்சிருச்சு, தேவையில்லாத ப்ரோக்ராம் சேந்துடுச்சுன்னு காரணம் சொல்லலாம். ஆனா காலைல நல்லா ஓடி மத்தியானம் படுத்துடுச்சுன்னா அந்த ரெண்டுக்கும் நடுவுல ஏதோ ஒண்ணு நடந்திருக்கணும். அந்த ஒண்ணு என்னன்னு கண்டுபிடிக்கிறது தான் வேலை. ஃபார்மட் போட்டா அந்தத் தடயமும் சேந்து அழிஞ்சு போயிடும், அதோட அக்காவோட டாலி டேட்டாவுக்கு பேக்கப் எடுத்து ரெண்டு மாசம் ஆச்சு.

ராத்திரி பத்து மணிக்கு மெஷின் கைக்கு வந்துச்சு. ஐ5 எட்டாவது தலைமுறை, 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி, விண்டோஸ் 10. பவர் பட்டன் அழுத்துனதுல இருந்து டெஸ்க்டாப் வர ஆறரை நிமிஷம், வாட்ச் வச்சு பாத்தேன். மவுஸ நகத்துனா பாயிண்டர் தத்தி தத்தி வருது. முதல் வேலையா ஒரு பென்டிரைவ்ல டாலி டேட்டா ஃபோல்டர காப்பி பண்ணேன், என்ன கோளாறா இருந்தாலும் இத பண்ணிட்டு தான் அடுத்தத தொடணும்னு நான் வச்சிருக்கேன், டிஸ்க் சாகுற நிலைமைல இருந்தா அடுத்த ரீஸ்டார்ட்டுக்கு வருமான்னு யாருக்கும் தெரியாது.

அப்புறம் டாஸ்க் மேனேஜர். மெமரி 4.9 ஜிபி, பரவால்ல. டிஸ்க் 3 சதவீதம், 4 சதவீதம், அதுக்கு மேல போகல. சிபியு வரிசைல பாத்தா எந்த ஒரு ப்ரோக்ராமும் தனியா தின்னல, ஆனா எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் தின்னுது, டாஸ்க் மேனேஜரே தன்னோட பங்குக்கு அதிகமா எடுக்குது. வைரஸா இருக்கும்னு ஸ்கேன் போட்டுட்டு உக்காந்தேன், அது 12 சதவீதம் போறதுக்கே நடுராத்திரி ஆயிடுச்சு. எஸ்எஸ்டி தான் சந்தேகம்னு கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போட்டு பாத்தேன், ஹெல்த் 96, கெட்டுப்போன செக்டார் பூஜ்ஜியம். ஸ்டார்ட்டப்ல இருக்கிறதெல்லாம் நிறுத்திட்டு சேஃப் மோட்ல தொறந்தேன், அங்கயும் அதே தத்தல். சேஃப் மோட்ல விண்டோஸ் தனக்கு அவசியமான டிரைவர மட்டும் தான் ஏத்தும், அங்கயும் ஸ்லோன்னா அக்கா போட்டு வச்சிருக்கிற சாஃப்ட்வேர் மேல பழி போட முடியாது.

இங்க ஒண்ணு சொல்லியே ஆகணும். டாஸ்க் மேனேஜர்ல பெர்ஃபார்மன்ஸ் டேப்ல சிபியு கிராஃபுக்கு கீழ "ஸ்பீட்"னு ஒரு எண் இருக்கும். நான் அன்னைக்கு ராத்திரி சதவீதத்தையே பாத்துட்டு இருந்தேன், அந்த எண்ண பாக்கவே இல்ல. பாத்திருந்தா நாலு மணி நேரம் மிச்சம். ஸ்லோ ஆன லேப்டாப்ப கைல எடுத்தா எல்லாரும் முதல்ல பாக்க வேண்டியது அந்த எண்ண தான்னு இப்ப நான் அடிச்சு சொல்வேன்.

சனிக்கிழமை காலைல, விண்டோஸுக்கு பதிலா ஓடுற உபுண்டுங்கற சிஸ்டம் இருக்கிற பென்டிரைவ் போட்டு அதுல இருந்தே பூட் பண்ணேன். எஸ்எஸ்டியையும் விண்டோஸையும் தொடாம முழுக்க பென்டிரைவ்ல இருந்து ஓடுற சிஸ்டம். அதுவும் அதே மாதிரி தத்துச்சு. அப்ப தான் மனசு கொஞ்சம் தெளிஞ்சுது, விண்டோஸும் இல்ல, எஸ்எஸ்டியும் இல்ல, ஃபார்மட் போட்டிருந்தா ஒரு பிரயோஜனமும் இருந்திருக்காது. டெர்மினல தொறந்து சிபியு ஓடுற வேகத்த காட்டச் சொன்னேன், எட்டு வரி வந்துச்சு, எட்டுலயும் 399, 400, 399, 400. மெகாஹெர்ட்ஸ். அந்த ப்ராசஸரோட அடிப்படை வேகம் 1.6 கிகாஹெர்ட்ஸ், வேலை வந்தா 3.4 வரைக்கும் போகணும். இது 0.4ல நிக்குது, ஒரு வீடியோவ ஓட விட்டு பாரம் ஏத்துனாலும் 0.4, சும்மா விட்டாலும் 0.4.

400ங்கறது ஏதோ தற்செயலா வந்த எண் இல்ல. இந்த ப்ராசஸர் 100 மெகாஹெர்ட்ஸ் கிளாக்க ஒரு பெருக்கல் எண்ணால பெருக்கி தான் வேகத்த எடுத்துக்குது, 34ஆல பெருக்குனா 3.4 கிகா, 16ஆல பெருக்குனா 1.6. அது இறங்கக்கூடிய கடைசிப் படி 4. அப்ப யாரோ அத கடைசிப் படிக்கு இறக்கி உக்கார வச்சிருக்காங்கன்னு அர்த்தம், தானா தடுமாறுனா எண்ணு ஏறி இறங்கும், இப்படி ஆணி அடிச்ச மாதிரி நிக்காது.

யாரு இறக்கி வச்சது? சூடு தான்னு எனக்கு முதல் எண்ணம். அக்கா வீட்டுக்கு பின்னாடியே தறி ஓடுது, பஞ்சு வீடு பூரா பறக்கும், மே மாச கரூர் வெயிலப் பத்தி சொல்லவே வேண்டாம். பின்பக்க மூடியக் கழட்டி, பேட்டரி கனெக்டர முதல்ல எடுத்துட்டு, ஃபேனக் கழட்டுனா ஹீட்சிங்க் வாயில பஞ்சு கம்பளி மாதிரி படிஞ்சு கிடக்கு, பிடிச்சு இழுத்தா முழுசா ஒரு துண்டா வருது. சிபியு மேல சூட்ட கடத்தறதுக்கு பூசியிருந்த பழைய பேஸ்ட துடைச்சு புதுசு போட்டு மூடுனேன். சார்ஜர சொருகி ஆன் பண்ணா, அதே 0.4.

அப்ப தான் கைய மெஷின் மேல வச்சு பாத்தேன். சில்லுன்னு இருக்கு. ஃபேன் சுத்தவே இல்ல. டெம்பரேச்சர் 43 டிகிரி. இந்த சிபியு சூட்டுக்காக தன்னத் தானே குறைச்சுக்கணும்னா 100 டிகிரி பக்கம் போகணும். நேத்து ராத்திரில இருந்தே இது சூடாகாம தான் ஸ்லோவா இருந்திருக்கு, மடியில வச்சிருந்தும் நான் கவனிக்கல. ஒரு மெஷின் உண்மையிலேயே வேலை பாத்து திணறுனா கொதிக்கும், ஃபேன் கத்தும். திணறுது, ஆனா ஜில்லுன்னு இருக்குன்னா அது வேலை செய்ய முடியாம இல்ல, செய்ய விடாம கட்டிப் போட்டிருக்கு. எனக்கு இந்தத் தேடல்ல கிடைச்சதுலயே பெரிய தடயம் இது தான், இதப் பாக்க ஒரு சாஃப்ட்வேரும் வேண்டாம், உள்ளங்கை போதும்.

பவர் ஆப்ஷன்ஸ்ல ப்ராசஸர் உச்ச அளவு 100ன்னு தான் இருந்துச்சு. அதையும் பாத்துட்டு, வேற வழி தெரியாம உக்காந்திருக்கும்போது மத்தியானம் ஒண்ணே காலுக்கு கரண்ட் போச்சு.

வீட்டு சீலிங் ஃபேன் நின்னு எல்லாம் அமைதியாச்சு, நான் மவுஸ பிடிச்சிட்டே இருக்கேன், பாயிண்டர் வழுக்கிட்டு ஓடுது. முதல்ல நம்பல. டாலி ஐகான தட்டுனேன், தொறந்துடுச்சு. டாஸ்க் மேனேஜர்ல ஸ்பீட் 2.9, 3.1, 2.7ன்னு குதிக்குது. அக்கா சமையல் கட்டுல இருந்து ஓடி வந்து "என்னடா பண்ண"ங்கறா, நான் ஒண்ணுமே பண்ணலக்கா, கரண்ட் தான் போச்சுன்னேன். இருபது நிமிஷத்துல கரண்ட் வந்துச்சு, வந்த செகண்ட்லயே 0.4.

சார்ஜர கைல பிடிச்சு பிடுங்குனேன், 3. சொருகுனேன், 0.4. பிடுங்குனேன், 3. பத்து தடவை பண்ணிருப்பேன்.

பேட்டரி ஐகான் மேல மவுஸ வச்சா 31 சதவீதம், ப்ளக்ட் இன், நாட் சார்ஜிங். ரீஸ்டார்ட் பண்ணி பயாஸுக்குள்ள, அதாவது விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடியே தொறக்குற செட்டிங்ஸ் பக்கத்துக்குள்ள போய் பாத்தா பேட்டரி பக்கத்துல ஏசி அடாப்டர்னு ஒரு வரி, அதுக்கு நேரா வாட் எண் இருக்க வேண்டிய இடத்துல "அன்நோன்". அக்காவ கூப்பிட்டு, ஆன் பண்ணும்போது ஏதாவது மெசேஜ் வந்துச்சான்னு கேட்டேன். "ஆமாடா, ஒரு வாரமா அப்பப்ப அடாப்டர் பத்தி ஏதோ இங்கிலீஷ்ல வந்துச்சு, முந்தாநேத்துல இருந்து ஒவ்வொரு தடவையும் வந்துச்சு, வந்தவர் தான் உள்ள போய் அத வராம பண்ணிட்டாரு". பயாஸ்ல அடாப்டர் வார்னிங்னு ஒரு டிக் பாக்ஸ், டிக் எடுத்து வச்சிருக்கு. அந்த மெசேஜ் என்ன சொல்லும்னா, சொருகியிருக்கிற அடாப்டர் எத்தன வாட்னு தெரியல, பேட்டரி சார்ஜ் ஆகாம போகலாம், கிடைக்கிற பவருக்கு ஏத்த மாதிரி வேகத்த மாத்திக்குவேன்னு. மெஷின் தன்னோட வியாதிய தானே வாய் விட்டு சொல்லிருக்கு, அத வாய மூட வச்சுட்டு போர்டு போச்சுன்னு சொல்லிட்டு போயிருக்காங்க. எனக்கு உண்மையிலேயே கோவம் வந்துச்சு.

இது எப்படி வேலை செய்யுதுன்னு கொஞ்சம் சொல்றேன், ஏன்னா இது தெரியாததால தான் நல்ல போர்டெல்லாம் செத்துப் போச்சுன்னு தூக்கிப் போடறாங்க. இந்த லேப்டாப் சார்ஜரோட உருண்ட பின்ன பாத்தீங்கன்னா வெளிய ஒரு வளையம், உள்ள ஒரு வளையம், நட்ட நடுவுல ஊசி மாதிரி ஒரு பின். வெளி வளையம் நெகட்டிவ், உள் வளையம் 19.5 வோல்ட். அந்த நடு ஊசி கரண்டுக்கு இல்ல, பேசறதுக்கு. அடாப்டருக்குள்ள ஒரு குட்டி சிப் இருக்கு, நான் 65 வாட், 19.5 வோல்ட், 3.34 ஆம்பியர்னு அது அந்த ஒத்த வயர் வழியா லேப்டாப்புக்கு சொல்லும். லேப்டாப் அதக் கேட்டுட்டு தான் பேட்டரிய சார்ஜ் பண்ணும், சிபியுவ முழு வேகத்துல விடும். அந்த மெல்லிசு வயர் மட்டும் அறுந்துட்டா 19.5 வோல்ட் வந்துட்டே இருக்கும், லைட் எரியும், லேப்டாப் ஆன் ஆகும், ஆனா எத்தன வாட்னு தெரியாது. 45 வாட் அடாப்டர்ல 65 வாட் இழுத்தா அடாப்டர் கருகிடுமேன்னு பயந்து சார்ஜிங்க நிறுத்திட்டு சிபியுவ கடைசிப் படிக்கு இறக்கிடும்.

இறக்குறதுக்கு அது பிடிக்கிற கயிறுக்கு பேரு ப்ராக்ஹாட். ப்ராசஸர் ஹாட்ங்கறதோட சுருக்கம். சிபியு சூடாயிட்டா வெளிய சொல்றதுக்காக வச்ச ஒரு லைன் அது, ஆனா ரெண்டு பக்கமும் வேலை செய்யும், போர்டுல இருக்கிற மத்த பாகமும் அந்த லைன இழுத்து சிபியுவ அடக்கலாம், அதுக்கு தான் பிடி (BD) ப்ராக்ஹாட்னு சொல்றாங்க, பிடின்னா இரு திசை. சிபியு சூடாகாமலே சூடான மாதிரி அடங்கிக் கிடந்ததுக்கு காரணம் இது.

நிச்சயம் பண்ணிக்கறதுக்காக த்ராட்டில்ஸ்டாப்னு ஒரு சின்ன ப்ரோக்ராம் இறக்கி ஓட விட்டேன். அதுல பிடி ப்ராக்ஹாட்னே ஒரு டிக் இருக்கு, டிக் எடுத்தா சிபியு அந்த வெளி லைன கண்டுக்காது. சார்ஜர் சொருகியிருக்கும்போதே எடுத்தேன், உடனே 3.1. திரும்ப டிக் போட்டேன், 0.4. முடிஞ்சுது, குத்தவாளி யாருன்னு தெரிஞ்சு போச்சு.

அக்கா "இப்படியே விட்டுரேன்டா, நல்லாத்தான் ஓடுதே"ன்னா. விடமாட்டேன்னுட்டேன். டிக் எடுக்கறதால பேட்டரி ஒண்ணும் சார்ஜ் ஆகப் போறதில்ல, அதோட அந்த லைன இழுக்கறது எல்லா நேரமும் அடாப்டராவே இருக்கும்னு இல்ல, சிபியுவுக்கு பவர் குடுக்கிற பகுதி நெஜமாவே கொதிச்சாலும் அதே லைன் வழியா தான் கத்தும். காத அடைச்சு வச்சுட்டா அன்னைக்கு போர்டு உண்மையிலேயே போகும். இணையத்துல நிறைய பேரு இத ஒரு தீர்வா சொல்லிக் குடுக்குறாங்க, என்னப் பொறுத்தவரைக்கும் அது கண்டுபிடிக்க உதவுற கருவி, அவ்வளவு தான்.

அடுத்து, கோளாறு சார்ஜர்லயா இல்ல லேப்டாப்போட ஜாக்லயான்னு பிரிக்கணும். மல்டிமீட்டர வச்சா 19.5 வோல்ட் சுத்தமா காட்டுது, சார்ஜர் நல்லா இருக்குன்னு நிறைய பேர் இங்கயே ஏமாந்து போறாங்க. டார்ச் அடிச்சு ஜாக் உள்ள பாத்தேன், அழுக்கோ உடைசலோ இல்ல, சார்ஜரோட நடு பின்னும் வளையாம நேரா தான் நிக்குது. இதுல சரியான சோதனை ஒண்ணே ஒண்ணு தான், நல்லா ஓடுற இன்னொரு அசல் சார்ஜர். எதிர் வீட்டு பையன் காலேஜ்ல அதே கம்பெனி லேப்டாப் வச்சிருக்கான், அவன் சார்ஜர வாங்கி சொருகி பயாஸ்ல பாத்தேன், 65 வாட். பேட்டரி சார்ஜ் ஏற ஆரம்பிச்சுது. ஜாக் நல்லா இருக்கு, போர்டு நல்லா இருக்கு.

அக்கா சார்ஜர கைல எடுத்து பின்னுக்கு பக்கத்துல கழுத்த மெல்ல அசைச்சேன், ஒரு குறிப்பிட்ட கோணத்துல பிடிச்சா சார்ஜிங் லைட் ஒரு செகண்ட் வந்து வந்து போகுது. வியாழக்கிழமை என்னக்கா பண்ணன்னு கேட்டா, யோசிச்சு யோசிச்சு சொன்னா, மத்தியானம் லேப்டாப்ப எடுத்துட்டு உள் ரூமுக்கு போனாளாம், சார்ஜர் சொருகினபடியே இருந்துச்சாம், ஒயர் கதவுல மாட்டி வெடுக்குன்னு இழுத்துச்சாம். தினமும் அடாப்டர் மேல இறுக்கிச் சுத்தி ரப்பர் பேண்ட் போட்டு வைக்கிற பழக்கம் வேற, அந்த கழுத்து ஏற்கனவே நைஞ்சு தான் இருந்திருக்கும், அதனால தான் ஒரு வாரமா மெசேஜ் விட்டு விட்டு வந்திருக்கு.

அந்த பையனுக்கு லீவுங்கறதால ரெண்டு நாளைக்கு சார்ஜர் குடுத்து உதவுனான். அக்கா சனிக்கிழமை ராத்திரி மூணு கம்பெனி, ஞாயித்துக்கிழமை மத்தியானத்துக்குள்ள மீதி ரெண்டு, எல்லாம் போட்டு முடிச்சிட்டா.

திங்கக்கிழமை சார்ஜர் வாங்கப் போனோம். முதல் கடையில 450 ரூபாய்க்கு ஒண்ணு எடுத்து வச்சாங்க, பின் பொருந்துது, மேல 65 வாட்னு எழுதியிருக்கு. லேப்டாப்ப கையோட கொண்டு போயிருந்தேன், காசு குடுக்கறதுக்கு முன்னாடி சொருகி பயாஸ்ல பாத்தா அன்நோன். நடு பின் இருக்கு, அதுக்கு பின்னாடி பேசறதுக்கு சிப் இல்ல. இந்த மாதிரி சார்ஜர வாங்கிட்டுப் போய், புது சார்ஜர் போட்டும் ஸ்லோ தான், அப்ப போர்டு தான்னு முடிவு பண்ணி எத்தன பேரு லேப்டாப்ப மாத்திருப்பாங்களோ தெரியல. ரெண்டாவது கடையில அசல் 1,650 சொன்னாங்க, சொருகுனதும் 65 வாட் வந்துச்சு, வாங்கிட்டோம்.

பழைய சார்ஜரோட கழுத்த வீட்டுக்கு வந்து பிளேடால கீறிப் பாத்தேன். தடியான ரெண்டும் நல்லாவே இருக்கு. நடுவுல போற அந்த மெல்லிசு வயர் மட்டும் ரெண்டா அறுந்து, நுனி கறுத்துப் போய் கிடக்கு. இந்த முனைய மட்டும் மாத்திக்கலாம், நடு பின்னோட மூணு வயர் வர்ற ஒயரா கேட்டு வாங்கி பழைய அடாப்டர்ல பத்த வைக்கணும், சிப் அடாப்டருக்குள்ள தான் இருக்கு, அதனால அது பேசும். ஆனா அடாப்டர ஒட்டி மூடியிருப்பாங்க, உடைச்சு தான் தொறக்கணும், உள்ள இருக்கிற பெரிய கெப்பாசிட்டர் ஒயர பிடுங்குன பிறகும் அடிக்கும், சால்டரிங் பழக்கம் இல்லாதவங்க தொட வேண்டாம். நான் எடுத்துட்டு வந்திருக்கேன், நேரம் கிடைக்கும்போது பண்ணிப் பாக்கணும்.

உங்க மெஷினும் 0.4லயோ 0.8லயோ ஒட்டிக்கிட்டு நின்னா, சார்ஜர பிடுங்குனதும் சரியாகுதான்னு முதல்ல பாருங்க. பிடுங்கியும் அதே 0.4ன்னா பேட்டரி மேல சந்தேகப்படுங்க, உப்பியிருக்கான்னு அடிப்பக்கத்த கவனிங்க, உப்பியிருந்தா அதோட ஓட்டாதீங்க. பேட்டரி கனெக்டரையும் சார்ஜரையும் எடுத்துட்டு பவர் பட்டன முப்பது செகண்ட் அழுத்திப் பிடிச்சா சில மெஷின்ல அந்த அடக்கம் விட்டுப் போகும், செலவில்லாத வேலை, பண்ணிப் பாக்கலாம். இதெல்லாம் தாண்டியும் நின்னா தான் போர்டுல சென்சார், சார்ஜிங் பகுதின்னு தேடணும், அது மைக்ராஸ்கோப் வச்சு வேலை பாக்கறவங்க சமாச்சாரம். ஸ்பீட் எண் சரியா 2, 3ன்னு இருந்து டிஸ்க் மட்டும் 100ல நின்னுச்சுன்னா இந்தப் பதிவு உங்களுக்கு இல்ல, மொதல்ல பேக்கப் எடுங்க, அப்புறம் டிஸ்கோட ஹெல்த்த பாருங்க.

கெளம்பறதுக்கு முன்னாடி பயாஸ்ல அந்த அடாப்டர் வார்னிங் டிக்க திரும்ப போட்டு விட்டேன். ரப்பர் பேண்ட எடுத்து வீசிட்டு, ஒயர பெரிய வளையமா தளர்வா சுத்தி துணிப்பட்டை ஒண்ணு கட்டிக் குடுத்தேன். அக்கா அத ரெண்டு தடவை சுத்திக் காட்டி, "இப்படித்தானடா"ன்னு கேட்டுக்கிட்டா.